மச்சான் கேட்ட வைரம்

கேள்வி: மகளைப் பார்க்க இங்கிலாந்து போய் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தேன். லண்டன், எடின்பரோ, ஸ்டோன்ஹெஞ்ச் எல்லாம் பார்த்தாயிற்று. ஊர் திரும்பியதும் சொந்தபந்தம் மொத்தமும் வீட்டுக்கு வந்தது. ஆனால் நான் பேச ஆரம்பித்தால் ஒருவரும் காது கொடுப்பதில்லை. மச்சான் மட்டும், "கோஹினூர் பார்த்தீங்களா, எப்பத் திருப்பித் தரானாம்?" என்றார். பதில் சொல்வதற்குள் பேச்சு சித்தி பெண்ணின் கல்யாணத்துக்குத் தாவிவிட்டது. பயணக் கதையை வீட்டில் சொல்வது எப்படி? பின்குறிப்பு: இதையே ஒரு தொடராக எழுதி உங்களுக்கு அனுப்பலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மச்சானை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. யார் லண்டன் போய் வந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு மச்சான் வீட்டில் தயாராக இருக்கிறார். சரி, முதலில் அவருக்குப் பதில்.

கோஹினூர் லண்டன் டவரில் இருக்கிறது. இரண்டாம் எலிசபெத் ராணியின் தாயாருக்காக 1937இல் செய்த கிரீடத்தில் பதித்திருக்கிறார்கள். 105.6 காரட். ஆனால் அதன் முன்னால் ஆற அமர நின்று பார்க்க முடியாது. கிரீடங்கள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளை ஒட்டித் தரையே நகர்கிறது. ஏறி நின்றால் அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் இறக்கிவிடும். திருப்பதியில் 'ஜருகண்டி, ஜருகண்டி' என்று ஆள் போட்டுச் செய்கிற வேலையை வெள்ளைக்காரன் மோட்டார் போட்டுச் செய்கிறான், அவ்வளவுதான். கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்குவதற்குள் அடுத்த கிரீடம் வந்துவிடும். ஒரு வசதி, சுற்றி வந்து மறுபடி ஏறிக்கொள்ளலாம், யாரும் தடுப்பதில்லை. திருமலையில் அதற்கு ஒரு மந்திரியின் சிபாரிசுக் கடிதமாவது வேண்டும். லட்டு கிடையாது. போட்டோவுக்கு இரண்டு சந்நிதியிலும் தடை. ஆகவே நீங்கள் பார்த்தீர்கள் என்பதற்கு மச்சானிடம் காட்ட ஆதாரமே இல்லை. அவர் நம்பாவிட்டால் நான் பொறுப்பல்ல.

எப்போது திருப்பித் தருவான் என்பதை, லண்டனில் யாராவது கிரீடம் சூடும்போதெல்லாம் 'எங்கள் வைரத்தைக் கொடு' என்று அரைப்பக்கம் எழுதும் என் சக பத்திரிகை நண்பரிடம்தான் கேட்க வேண்டும். 1849இல் பஞ்சாபின் மகாராஜாவாக இருந்த துலீப் சிங் என்ற பத்து வயதுப் பையனிடம் கையெழுத்து வாங்கி எடுத்துப்போன கல் அது. எடுத்தது லாகூரில் என்பதால் 1976இல் பாகிஸ்தானும் கேட்டுப் பார்த்தது. கேட்கிறவர்கள் வரிசையில் நிற்கட்டும். நான் நண்பரிடம் வருஷக்கணக்காகச் சொல்லிவருவது ஒன்றுதான்: மெட்ராஸ்காரன் உட்கார்ந்து அழுவதற்கு வேறு வைரம் இருக்கிறது ஐயா!

(இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்கள் 'பழைய மெட்ராஸ் கதையை ஆரம்பித்துவிட்டான்' என்பது கேட்கிறது. இருக்கட்டும்.)

தாமஸ் பிட் என்று ஒரு துரை. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் திருட்டு வியாபாரம் செய்தவன். அவனை அடக்க முடியாமல் கம்பெனி கடைசியில் அவனையே 1698இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக்கியது. கோல்கொண்டா பக்கத்துச் சுரங்கத்தில் கிடைத்த ஒரு கல்லை 1702இல் ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 தங்க வராகனுக்கு வாங்கினான். அதே வருஷம் மகன் ராபர்ட் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனான். செருப்பின் குதிகாலில் ஒளித்து வைத்திருந்தான் என்றுகூட ஒரு கதை உண்டு. அவன் மெட்ராஸிலிருந்து கொண்டுபோனது அது. நீங்கள் அங்கிருந்து கொண்டுவந்தது ஹீத்ரோ கடையில் கடைசி நிமிஷத்தில் அள்ளிப் போட்ட சாக்லேட். அதுவும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், சுவிட்சர்லாந்து என்று போட்டிருந்தாலும் இருக்கும்.

பட்டை தீட்டியபின் அந்தக் கல் 140 காரட்டுக்கு மேல். இன்றைய கோஹினூரைவிடப் பெரியது. 1717இல்தான் விற்க முடிந்தது. பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளர் (ரீஜென்ட்) 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். இப்போது ரீஜென்ட் வைரம் என்ற பெயரில் பாரிஸின் லூவர் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடு என்று ஒரு மச்சானும் கேட்டதில்லை.

உங்கள் கேள்விக்கும் பிட் துரைக்கும் சம்பந்தம் இருக்கிறது. அவனும் 1710இல் ஊர் திரும்பினான். கோட்டையில் இருந்தபோதே மனைவி செலவு செய்கிறாள், பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள் என்று திட்டித் திட்டிக் கடிதம் எழுதியவன். திரும்பிய பிறகும் சண்டை ஓயவில்லை. இத்தனை பெரிய வைரம் வைத்திருந்தவனின் வீட்டிலேயே நிலைமை இது. வெறும் ஸ்டோன்ஹெஞ்ச்சை வைத்துக்கொண்டு கூடத்தில் சபை கூட்டலாம் என்று எப்படி நினைத்தீர்கள்?

நீங்கள் இல்லாத நாட்களில் ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்டார்கள், பந்தியில் எது தீர்ந்துபோனது, யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பினார்கள் என்பதையெல்லாம் தெரியாத ஒரே ஆள் இப்போது நீங்கள்தான். இப்படி ஒரு ஆள் கிடைக்கும்போது விடுவார்களா? முதலில் அதைக் கேட்டு முடியுங்கள். நடுவில் 'எடின்பரோ கோட்டையிலே…' என்று ஆரம்பிக்காதீர்கள். பிறகு விலை மட்டும் சொல்லுங்கள். ஒரு காபி எவ்வளவு, முடிவெட்ட எவ்வளவு, மகள் வீட்டு வாடகை எவ்வளவு என்று பவுண்டை ரூபாயில் பெருக்கிச் சொல்லுங்கள். மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அத்தைக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பேத்தி தமிழ் பேசுகிறாளா?

பின்குறிப்புக்கு வருகிறேன். தொடர் வேண்டாம். என் மேஜை அறையில் லண்டன் பயணத் தொடர்கள் நிறைய உறங்குகின்றன. எல்லாமே 'விமானம் தரையிறங்கியது, குளிர் முகத்தில் அறைந்தது' என்றுதான் ஆரம்பிக்கின்றன. ஒரே ஒரு விதிவிலக்கு தருகிறேன். சாலிஸ்பரியிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் போகும் சுற்றுலா பஸ்ஸில் போனீர்களா? வழியில் ஓல்டு சாரம் என்று ஒரு மண்மேடு. மெட்ராஸ் வருவதற்கு முன்பே, 1691இல், பிட் துரை விலைக்கு வாங்கிய இடம். மேட்டில் குடியிருப்பவர் எவரும் இல்லை, ஆனாலும் அந்தத் தொகுதிக்கு 1832 வரை இரண்டு எம்.பி.க்கள். துரையின் பேரன் வில்லியம் பிட் 1735இல் முதன்முதலாக பார்லிமென்ட் போனது அங்கிருந்துதான், பின்னால் பிரதமரும் ஆனார். அந்த மேட்டில் நீங்கள் ஏறியிருந்தால் எழுதி அனுப்புங்கள், போடுகிறேன். ஸ்டோன்ஹெஞ்ச் பற்றி ஒரு வரிக்கு மேல் போனால் வெட்டிவிடுவேன்.