கேளுங்கள், சொல்கிறோம்: அணுக்கருவுக்கு வயதாகுமா?

கேள்வி: என் ஆயாவுக்கு எலும்பு ஸ்கேன் எடுக்க டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசியாகப் போட்டார்கள். அதன் அரை ஆயுள் 6 மணி நேரமாம். அப்படியானால் 12 மணி நேரத்தில் முழுவதும் தீர்ந்துவிடும்தானே?
(பள்ளி மாணவி, சாட்ஸ்வொர்த்)

பதில்: தீராதும்மா. முதல் 6 மணி நேரத்தில் பாதி குறையும், அடுத்த 6 மணி நேரத்தில் மிச்சம் இருப்பதில் பாதி குறையும், ஆக 12 மணி நேரம் கழித்துக் கால் பங்கும் ஒரு நாள் கழித்துப் பதினாறில் ஒரு பங்கும் இருக்கும். உடம்பில் சிறுநீரோடும் வெளியேறுவதால் இதைவிட வேகமாகவே குறையும், ஊசி போட்டபின் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது அதற்குத்தான்.

ஏன் எப்போதும் "மிச்சத்தில் பாதி"? இதைப் புரிந்துகொண்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி. அணுக்கருவுக்கு வயதே ஆவதில்லை. நேற்று உண்டான கருவும் இந்த நிமிடம் உண்டான கருவும் அடுத்த ஒரு மணி நேரத்தில் சிதைவதற்கு, அதாவது கதிரை வெளிவிட்டு மாறுவதற்கு, ஒரே அளவு வாய்ப்புதான். நூறு காசுகளைக் குலுக்கிப் போட்டு, தலை விழுந்ததை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு மீதியை மறுபடி குலுக்கிப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறையப் பாதி குறையும், ஆனால் எந்தக் காசு எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அரை ஆயுள் என்பது கூட்டத்தின் கணக்கு, தனி அணுவின் கணக்கு இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆயாவுக்குப் போட்ட ஊசியில் இருக்கும் டெக்னீசியம்-99எம் சிதையும்போது கரு உடைவதில்லை, கூடுதலாக வைத்திருந்த ஆற்றலைக் காமா கதிராக விட்டுவிட்டு அடங்குகிறது, அந்தக் கதிரைத்தான் ஸ்கேன் கேமரா பிடிக்கிறது. 6 மணி நேரமே தாங்கும் சரக்கை எப்படி ஊர் ஊராக அனுப்புவது? அதனால் அதன் தாய்ப் பொருளான மாலிப்டினம்-99ஐ அனுப்புகிறார்கள், அதற்கு அரை ஆயுள் 66 மணி நேரம். பிரிட்டோரியாவுக்கு மேற்கே பெலிண்டாபாவில் 1965 முதல் இயங்கும் சஃபாரி-1 அணு உலையில், யுரேனியத்தைப் பிளந்து இதை எடுக்கிறார்கள். நம் தென்னாப்பிரிக்கா இதில் உலகத்துக்கே சப்ளை செய்கிறது, நம் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: கேப்டவுன் பக்கம் இருக்கும் கூபர்க் அணுமின் நிலையம் அணுகுண்டு மாதிரி வெடிக்குமா?
(மாணவர், பீட்டர்மரிட்ஸ்பர்க்)

பதில்: வெடிக்காது. இயற்கை யுரேனியத்தில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம், கூபர்க் போன்ற உலைகளின் எரிபொருளில் அது 5 சதவீதத்துக்கும் கீழே, குண்டுக்கோ 90 சதவீதம் அளவுக்கு வேண்டும். உண்மையான ஆபத்து வேறு. உலையை நிறுத்திய பிறகும் பிளவில் உண்டான பொருள்கள் சிதைந்துகொண்டே இருப்பதால் வெப்பம் வந்துகொண்டே இருக்கும், நிறுத்திய கணத்தில் அது முழுத்திறனில் 6, 7 சதவீதம். அதைக் குளிரவைக்க முடியாமல் போனதுதான் 2011இல் ஃபுகுஷிமாவில் நடந்தது. ஆகவே அணுமின் நிலையத்தைப் பற்றிக் கேட்பதானால், தண்ணீரும் பம்புக்கு மின்சாரமும் தடைபட்டால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

கேள்வி: புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுமே, கரு எப்படிச் சிதறாமல் இருக்கிறது?
(மாணவி, ஃபீனிக்ஸ்)

பதில்: வலிய அணுக்கரு விசை அவற்றைப் பிடித்து வைக்கிறது. ஆனால் அது பக்கத்துத் துகளை மட்டுமே எட்டும், மின்விலக்கமோ கரு முழுக்கப் பாயும். அதனால் பெரிய கருக்களுக்கு, தள்ளாமல் பிடித்து மட்டும் வைக்கும் நியூட்ரான் புரோட்டானைவிட அதிகமாகத் தேவை, யுரேனியம்-238இல் 92 புரோட்டானுக்கு 146 நியூட்ரான். அப்படியும் அது நிலையில்லாததுதான், அரை ஆயுள் ஏறக்குறைய 450 கோடி வருடம் என்பதால்தான் ஜொகானஸ்பர்க் பக்கத்துச் சுரங்கங்களில் தங்கத்தோடு சேர்த்து இன்றும் வெட்டியெடுக்கக் கிடைக்கிறது.