ஏலத்தில் பிள்ளையின் பெயர் வேண்டாம்

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி 11 வருடம். கையில் இருந்ததெல்லாம் சிகிச்சைக்கே போய்விட்டது. தத்தெடுக்க முடிவு செய்திருக்கிறோம். கணவருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. சபையார் உதவுவதாகச் சொல்கிறார்கள். எங்கள் கதையை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்தை இந்த வருடம் எங்கள் பிள்ளையின் பெயரில் நடத்தலாம் என்கிறார்கள். பிள்ளைக்காகக் கையேந்துவது விசுவாசக் குறைவு என்கிறார் கணவர். இதற்கிடையே, மருத்துவமனையில் வேலை பார்க்கும் தெரிந்த அக்கா ஒருவர் 4 லட்சம் கொடுத்தால் உடனே குழந்தை கிடைக்கும் என்கிறார். என்ன செய்யலாம், ஐயா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கடைசியில் எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், சகோதரி. அந்த 4 லட்சம் பிள்ளையின் விலை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 ஆண்டு வரை கடுங்காவல். மருத்துவமனை ஊழியர் செய்தால் 3 முதல் 7 ஆண்டு. அந்த அக்காவிடம் இனி இது பற்றிப் பேச்சே வேண்டாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு போன் செய்து சொல்லிவிடுங்கள்.

அடுத்து, உண்மையில் எவ்வளவு தேவை? மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்து, முறைப்படி எடுத்தால், வீட்டுக்கு வந்து குடும்ப நிலையைப் பார்க்கும் வீட்டாய்வுக்கு 6,000, குழந்தையைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு 50,000. அப்புறம் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பதற்குத் தலா 2,000. மொத்தம் 64,000 ரூபாய். கைக்குழந்தைக்குக் காத்திருக்கும் காலமோ மூன்று வருடத்தைத் தாண்டுகிறது. மாதம் 2,000 போட்டால் மூன்று வருடத்தில் 72,000 ஆகிவிடும். மழைக்காலத்தில் பால்வெட்டு நிற்கும், அந்த மாதங்களில் போட முடியாது என்பது தெரியும். இடிக்கும் அந்தத் தொகைக்கு மட்டும் சபையின் உதவியைத் தாராளமாகக் கேளுங்கள்.

வீடியோ யோசனை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. அமெரிக்காவில் தனியார் ஏஜென்சி மூலம் தத்தெடுக்கப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். அதனால் அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் ஊரறியப் பணம் திரட்டுகின்றன. அந்தச் செலவு இங்கே இல்லை. அந்த வழி நமக்கு எதற்கு?

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். கேட்பது விசுவாசக் குறைவு என்றால், எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகச் சபை சபையாகக் காணிக்கை சேர்த்த பவுலை என்ன சொல்வது? அந்தப் பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதில் அவர் எத்தனை கவனமாக இருந்தார் என்பதை 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்களும் வந்த பணத்துக்கு ஒரு நோட்டில் கணக்கு எழுதுங்கள். இரண்டு மூப்பர்களிடம் காட்டுங்கள்.

ஆனால் அந்த ஏலத்துக்குச் சம்மதிக்காதீர்கள். நம் ஊர் அறுப்பின் பண்டிகை ஏலம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மட்டி வாழைக்குலையைத் தூக்கிக் காட்டி, "இது நம்ம சபைக்கு வரப்போற பிள்ளைக்காக!" என்று மைக்கில் ஒருவர் கூவுவார். முந்நூறு ரூபாய்க் குலை மூவாயிரத்துக்குப் போகும். கொடுக்கிறவர்கள் அன்பாகத்தான் கொடுப்பார்கள். பத்து வருடம் கழித்து ஞாயிறு பள்ளியில் உங்கள் மகள் ஏதோ குறும்பு செய்வாள். "உன்னை நாங்க ஏலம் போட்டுல்லா கொண்டுவந்தோம்" என்று யாரோ ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அன்று அவள் முகத்தைப் பார்க்கப்போவது நீங்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்று இயேசு சொன்னதை, இந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

ஆகவே பணம் கேட்டால் உங்கள் இருவர் பெயரில் கேளுங்கள். குழந்தையின் படமோ, எங்கே எப்படிக் கிடைத்தது என்ற விவரமோ வெளியே போகவே கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். அது அவளுடைய கதை. சொல்வதா வேண்டாமா என்று வளர்ந்தபின் அவள் முடிவு செய்யட்டும்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் கிறிஸ்தவர்கள் தத்தெடுக்கச் சட்டமே இல்லை. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி காப்பாளராக இருக்கலாம், அவ்வளவுதான். இன்று மாவட்ட ஆட்சியர் ஆணை பிறப்பித்தால் அவள் எல்லா உரிமையோடும் உங்கள் மகள். அப்படி வருகிறவளைச் சபையின் தர்மத்தில் வளரும் பிள்ளை ஆக்கிவிடாதீர்கள். மாதச் செலவை உங்கள் வருமானத்திலேயே சமாளிக்க முடியுமா என்று வீட்டாய்வுக்கு வருகிறவரும் பார்ப்பார். அதையும் இப்போதே உட்கார்ந்து கணக்குப் போட்டு வையுங்கள்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. அறுப்பின் பண்டிகை ஏலத்தை வழக்கம்போல் பொதுவில் நடத்துங்கள். வரும் பணத்தில் ஒரு பகுதியை, புருஷன் கைவிட்டதால் பெற்ற பிள்ளையை வளர்க்க வழியில்லாமல் நிற்கும் தாய்மாருக்கென்று ஒதுக்குங்கள். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் யாக்கோபு ஒரே வசனத்தில்தான் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். வாடகைக்கும் பால்மாவுக்கும் வழியிருந்தால் தன் பிள்ளையைத் தானே வளர்க்கக்கூடிய தாய் உங்கள் சேகரத்துச் சபைகளிலேயே இருக்கலாம். அவளை இந்த வாரமே விசாரியுங்கள்.