ஊர் மாறிய மறுநாள் மேல் சுரங்கள் உடைவது குறித்து

பயண நாளில் பேச்சைக் குறையுங்கள். பாட்டுப் பயிற்சியைக் கூட்ட வேண்டாம். நாடகக் குழுவுடன் ஊர் ஊராகச் சென்று பாடி நடிக்கும் உங்களுக்கு, ஊர் மாறிய மறுநாள் மட்டும் மேல் சுரங்கள் உடைந்து, அதற்கடுத்த நாள் தாமாகவே சரியாகிவிடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பாடும் முறையில் குறை இருந்தால் அது எல்லா நாட்களிலும் தெரிந்திருக்கும்.

பேருந்தின் இரைச்சலுக்கு மேலாகச் சக நடிகர்களுடன் மணிக்கணக்கில் உரையாடும்போது நம்மை அறியாமலேயே குரலை உயர்த்திவிடுகிறோம். அத்துடன் குளிரூட்டிய வறண்ட காற்றும் சேர்ந்தால் குரல்நாண்கள் சற்றே வீங்கி, மேல் சுரங்களுக்குத் தேவையான மெல்லிய அதிர்வுக்கு இணங்க மறுக்கின்றன. கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வாகாது; பலருக்கு அது குரல்வளையை மேலும் இறுக்குகிறது.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். பயணத்துக்கு முன்பும், மறுநாள் காலையிலும், ஓர் எளிய மெட்டை உங்கள் குரலெல்லையின் மேற்பகுதியில் மிக மெல்லிய ஒலியில் பாடுங்கள். உரக்கப் பாடினால் வீக்கம் இருப்பது தெரியாமல் போகும் என்பதால் மெல்லப் பாடுவதே இங்கு முக்கியம். ஒலி தாமதமாகத் தொடங்கினாலோ வெறும் காற்று மட்டும் வந்தாலோ, அன்றைய காட்சிக்கு முன் நடக்கும் ஒலிச்சோதனையில் முழுக்குரல் கொடுக்க இயலாது என்று இசை இயக்குநரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். அக்கறையுள்ள எந்த இயக்குநரும் இதைக் குறையாகக் கொள்ளமாட்டார். உறிஞ்சுகுழலை நீரில் அமிழ்த்தி அதன் வழியே மெல்ல முனகுவது அன்றைக்குப் போதுமான பயிற்சி.

ஆனால், பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென அற்றுப்போனால் அது குரல்நாணில் ஏற்பட்ட இரத்தக்கசிவாக இருக்கலாம். அப்போது உடனே நிறுத்தி, மீதிக் காட்சியை மாற்று நடிகரிடம் ஒப்படைத்துவிட்டு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகளை நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.