டைபாய்டு ஊசி மாறியது ஏன்? உதவி டி செல் செய்யும் வேலை

"மூத்தவனுக்கு டைபாய்டு ஊசி 2 வயதுக்கு மேல்தான் போட்டார்கள், 3 வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போடச் சொன்னார்கள். இளையவளுக்கு 9 மாதத்திலேயே போட்டுவிட்டார்கள். எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் சரிதான். ஊசியே மாறிவிட்டது. நர்சிங் மாணவிகளுக்கு நோய் எதிர்ப்பியல் நடத்துபவள் நான். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டைபாய்டு கிருமியைச் சுற்றி 'விஐ' என்ற உறை இருக்கிறது. அது முழுக்க முழுக்கச் சர்க்கரைச் சங்கிலி. பழைய ஊசியில் இருந்தது அந்தச் சர்க்கரை மட்டும்தான். அதைப் பார்த்ததும் பி செல்கள் என்ற வெள்ளணுக்களில் சில, கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியைத் தாமாகவே சுரக்கும். 2 வயதுக்குள் அந்தத் திறன் முதிர்ந்திருக்காது. பெரியவர்களிடமும் சில வருடங்களில் ஆன்டிபாடி குறைந்துவிடும். மறுபடி போட்டாலும் முன்பைவிட வேகமாக ஏறாது. உடம்பில் அந்தக் கிருமியைப் பற்றிய நினைவு பதியவில்லை என்பதுதான் காரணம்.

நினைவு பதிய, பி செல்லுக்குத் துணை நிற்கும் இன்னொரு வகை வெள்ளணுவான உதவி டி செல் வேண்டும். அதற்குப் புரதத் துணுக்கைக் காட்டினால்தான் தெரியும், வெறும் சர்க்கரை தெரியாது. அதனால் புதிய ஊசியில் விஐ சர்க்கரையை டெட்டனஸ் டாக்ஸாய்டு என்ற, நச்சுத்தன்மை நீக்கிய டெட்டனஸ் புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்த இவ்வகை ஊசிக்கு 2013இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது.

இனி நடப்பதைக் கவனியுங்கள். சர்க்கரையைப் பிடிக்கும் பி செல், அதோடு ஒட்டியிருக்கும் புரதத்தையும் சேர்த்தே விழுங்குகிறது. உள்ளே புரதத்தை நறுக்கி, ஒரு துணுக்கைத் தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்டுகிறது. உதவி டி செல் அந்தத் துணுக்கை அடையாளம் கண்டு, தன்னிடமுள்ள சிடி40எல் என்ற மூலக்கூறால் பி செல்லின் சிடி40ஐத் தொடுகிறது, ஐஎல்-21 போன்ற சமிக்ஞைகளையும் தருகிறது. டி செல் பார்த்தது டெட்டனஸ் புரதத்தை, ஆனால் அதன் தயவால் வலுப்பெறுவது டைபாய்டு சர்க்கரைக்கு எதிரான பி செல். இந்த இடத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவியாவது "அப்படியும் நடக்குமா மேடம்?" என்று கேட்பாள். நடக்கிறது.

உதவி கிடைத்த பி செல்கள் நிணநீர் முடிச்சுக்குள் கூட்டமாகப் பெருகுகின்றன. ஊசி போட்ட பின் சிலருக்கு அக்குளில் நெறி கட்டுகிறதே, அது இந்த முடிச்சுகளின் வீக்கம்தான். பெருகும்போதே அவற்றின் ஆன்டிபாடி மரபணுவில் சிறு மாற்றங்கள் நேர்கின்றன. இறுக்கமாகப் பிடிக்கிற பி செல் அதிகம் விழுங்கும், அதிகம் காட்டும், டி செல்லின் உதவியையும் அதிகம் பெறும். மற்றவை மடியும். இப்படித் தேறியவற்றில் சில நினைவு பி செல்களாக உடம்பெங்கும் உலவுகின்றன, சில எலும்பு மஜ்ஜையில் தங்கி வருடக்கணக்கில் ஆன்டிபாடி சுரக்கின்றன.

தமிழ்நாடும் கேரளமும் 2011 டிசம்பரில் முதலில் தொடங்கிய பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியில், ஹிப் என்ற பாக்டீரியாவுக்கு எதிரான பகுதியும் இதே உத்திதான். கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சலிலிருந்து காக்கிறது.

டி செல்லின் அந்த ஒரு தொடுதல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. சிடி40எல் மரபணு பழுதான ஆண் குழந்தைகள் சிலர் பிறக்கிறார்கள். அவர்களிடம் பி செல்கள் இருக்கும், முதலில் சுரக்கும் வகையான ஐஜிஎம் ஆன்டிபாடியும் இருக்கும். டி செல்லின் உதவியால் பிறகு உருவாகும் ஐஜிஜி வகை மிகக் குறைவு, நினைவும் சரியாக உருவாகாது. பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை, அதாவது ஆன்டிபாடிகளை, தொடர்ந்து ஏற்றி அவர்களைக் காக்கிறார்கள்.

உங்கள் மூத்தவனுக்கும் புதிய ஊசி போடலாம், பழையது போட்டிருப்பது தடையில்லை. எப்போது என்பதை உங்கள் குழந்தை மருத்துவரிடம் தடுப்பூசி அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.