அம்மா ஆரம்பிச்ச பெற்றோர் சங்கம்: நீங்க கேட்டதும் என் பதிலும்

என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே இருக்குற, அறிவு வளர்ச்சி மெதுவா இருக்குற ஒரு நிலை. அவன் சின்னப் பையனா இருக்கும்போது அம்மா சேத்த பெற்றோர் குரூப்தான் இப்போ ஒரு டே சென்டரும் சின்னதா ஒரு ஹோமும் நடத்துற சங்கமா நிக்குது. நான் ஸ்பெஷல் எஜுகேட்டர், சங்க வேலையும் பாக்குறேன். அம்மாவ பத்தி எழுதினதுக்கு நிறைய பேர் கேள்வி அனுப்பியிருந்தீங்க, எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் சொல்லிடுறேன்.

அக்கா, அம்மா முன்னாடியே சமூக சேவைல இருந்தவங்களா?

இல்லப்பா, ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதிட்டு இருந்தாங்க. தம்பிய ஸ்கூல்ல சேத்துக்கல, ஒரு இடத்துல "மத்த பேரண்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க"ன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க. அப்புறம் தெரபி நடக்குற இடத்துல வெளிய பெஞ்ச்ல காத்துட்டு இருக்குற அம்மாக்கள்கிட்ட பேச்சு குடுத்து, வாரம் ஒரு நாள் எங்க வீட்டு ஹால்ல கூட ஆரம்பிச்சாங்க, அவ்ளோதான் தொடக்கம். பெரிய பெரிய அமைப்புங்களும் இப்படித்தான் வந்துருக்கு. இங்கிலாந்துல ஜூடி ஃப்ரைட்னு ஒரு அம்மா, மகளுக்கு படிக்க சரியான இடம் இல்லன்னு ஒரு பத்திரிகைக்கு லெட்டர் எழுதி, அதுக்கு பதில் போட்ட பெற்றோர்கள வெச்சு 1946ல ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு அறிவுசார் குறைபாடு இருக்குறவங்களுக்காக வேலை பாக்குற மென்கேப் அமைப்பு. அமெரிக்காவுல அதே மாதிரி 'தி ஆர்க்'னு ஒரு அமைப்பு, 1950ல பெற்றோர்கள் ஒண்ணு கூடி தொடங்கினது.

என் பையனுக்கு 24 வயசு. டெஸ்ட் பண்ணிட்டு "மென்டல் ஏஜ் 6"னு சொன்னாங்க மேடம். அப்போ 6 வயசு குழந்தை மாதிரிதான் அவன நடத்தணுமா?

வேண்டாங்க, ப்ளீஸ். அந்த நம்பர் டெஸ்ட் பேப்பரோட முடிஞ்சுடணும். 24 வருஷம் வாழ்ந்த அனுபவம், உடம்பு, வெக்கம், கோவம், ஆசை எல்லாம் 24 வயசுக்காரனோடதுதான். மனநல டாக்டர்கள் நோய் கண்டுபிடிக்க வெச்சுருக்குற அமெரிக்க கையேடு டிஎஸ்எம்-5, 2013ல வந்தது, அதுலயே குறைபாடு எவ்ளோ தீவிரம்னு ஐக்யூ நம்பர வெச்சு முடிவு பண்றத விட்டுட்டு, படிப்பு சார்ந்த விஷயம், பழகுறது, அன்றாட வேலைன்னு மூணு பக்கத்துலயும் ஆளு எப்படி சமாளிக்கிறார், எவ்ளோ உதவி தேவைன்னு பாக்க சொல்லிட்டாங்க. ஷேவிங் கத்துக்குடுங்க, ரூம் கதவ தட்டிட்டு உள்ள போங்க, சட்டைய அவனே எடுக்கட்டும்.

சிஸ், எங்க ஏரியால இருக்குற பெற்றோர்கள சேத்து ஒரு குரூப் ஆரம்பிக்க ஆசை. எங்கேருந்து தொடங்குறது?

நாலு குடும்பம் கெடச்சா போதும். பில்டிங், லெட்டர்பேட், ரிஜிஸ்ட்ரேஷன் இதெல்லாம் முதல்லயே ஓடாதீங்க, ஒரே கிழமை ஒரே நேரம் வெச்சு விடாம கூடுங்க, பிள்ளைங்களையும் கூட்டிட்டு வர சொல்லுங்க, ஏன்னா பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டு வர்றதுங்குறதுதான் பாதி பேருக்கு இருக்குற பிரச்சனையே. பணம்னு ஒண்ணு வந்த அன்னைக்கே கணக்க எல்லாரும் பாக்குற மாதிரி எழுதி வெச்சுடுங்க. இன்னொண்ணு, எல்லா சாவியும் ஒரே ஆள்கிட்ட இருக்கக்கூடாது. அம்மா நல்லா நடமாடிட்டு இருக்கும்போதே தலைவர் பொறுப்ப இன்னொரு அப்பாகிட்ட குடுத்துட்டாங்க, நிறைய பேருக்கு வருத்தம், ஆனா இன்னைக்கு சங்கம் நிக்குதுன்னா அதனாலதான். அப்புறம் கமிட்டில அறிவுசார் குறைபாடு இருக்குறவங்களே உக்காரணும். எங்க கமிட்டில தம்பி ஒரு மெம்பர், படம் போட்டு ஈஸியா எழுதின அஜெண்டா முன்னாடியே குடுத்துருவோம், பிடிக்கலன்னா கைய தூக்கி சொல்லிடுவான்.

ஹோம்ல விட பயமா இருக்கு. நம்பிக்கையான இடம்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பயப்படுறது நியாயம்தாங்க. நடத்துறவர் ரொம்ப நல்லவர்னு பேர் இருக்கேன்னு அத மட்டும் நம்பி விடாதீங்க. 1964ல பிரான்ஸ்ல, அறிவுசார் குறைபாடு இருக்குறவங்களோட சேந்து வாழ்ற வீடுகள் நடத்துற லார்ஷ் அமைப்ப தொடங்கின ஷான் வானியே-வ உலகமே மகான் மாதிரி கொண்டாடுச்சு, 2019ல அவர் இறந்தப்புறம், பல பெண்கள்கிட்ட பாலியல் ரீதியா தப்பா நடந்துருக்கார்னு அவரோட அமைப்பு ஏற்பாடு பண்ண விசாரணைலயே 2020ல வெளிய வந்துச்சு. அதனால ஆள பாக்காம ஏற்பாட்ட பாருங்க. சொல்லாம கொள்ளாம போனா உள்ள விடுறாங்களா, குளிக்க வைக்கிறது, ராத்திரி ட்யூட்டி இதெல்லாம் யாரு, ஒரே ஆள் தனியா இருக்காரா, புகார் சொன்னா வெளி ஆள் யாராவது கேப்பாங்களான்னு விசாரிங்க. உங்க பிள்ளைக்கு உடம்பு உறுப்போட பேர் எல்லாம் சரியா தெரியணும், "வேண்டாம்"னு சொல்ல பழகியிருக்கணும். பெரியவங்க சொன்னா எல்லாத்துக்கும் தலையாட்டணும்னு பழக்குறது இவங்களுக்கு பெரிய ஆபத்து. பேச்சு வராதவங்கன்னா படம், சைகை ஏதோ ஒரு வழி கண்டிப்பா வேணும்.

எங்களுக்கு அப்புறம் இவள யாரு பாத்துப்பா? ராத்திரில தூக்கமே வரல.

எங்க ஹால்ல அதிகமா கேட்ட கேள்வி இதுதான்மா. முன்னாடி இந்த கேள்விக்கே அவ்ளோ இடம் இருக்கல, 1980கள் தொடக்கத்துல டவுன் சிண்ட்ரோம் இருக்குறவங்க சராசரியா 25 வயசு வரைக்கும்தான் வாழ்ந்தாங்க, இதய ஆபரேஷன் எல்லாம் வந்தப்புறம் நல்ல மருத்துவ வசதி கெடைக்குற இடங்கள்ல இப்போ 60 கிட்ட வருது. நல்ல சேதிதான், ஆனா பெத்தவங்கள தாண்டி வாழப்போற பிள்ளைக்கு திட்டம் போடணும். இன்னைக்கே ஒரு நோட்டு போடுங்க, என்ன மாத்திரை, எதுக்கு பயப்படுவா, கோவம் வந்தா எப்படி அமைதியாவா, எந்த பாட்டு போட்டா தூங்குவான்னு உங்க மனசுல மட்டும் இருக்குறத எல்லாம் எழுதுங்க. நீங்க நல்லா இருக்கும்போதே அவள ஒரு ராத்திரி, அப்புறம் ரெண்டு ராத்திரின்னு வேற வீட்டுல தங்க பழக்குங்க. அம்மா போன துக்கத்துலயே வீடும் மாறி ஆளும் மாறினா அந்த அடிய தாங்கவே முடியாது, நான் பாத்துருக்கேன். சொத்து எழுதுறதுக்கு முன்னாடி உங்க ஊர் சட்டம் தெரிஞ்ச வக்கீல பாருங்க, அவ பேருக்கு நேரா எழுதணுமா ட்ரஸ்ட்டா வெக்கணுமாங்குறது இடத்துக்கு இடம் மாறும். முக்கியமா, எங்க யாரோட இருக்கணும்னு அவளையும் கேளுங்க. 2006ல ஐநா சபை ஏத்துக்கிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்துல 19ஆவது பிரிவு, தான் எங்க யாரோட வாழணும்னு தேர்ந்தெடுக்குற உரிமைய எல்லாருக்கும் குடுத்துருக்கு. அவளுக்கும் டவுன் சிண்ட்ரோம்னா தைராய்டு டெஸ்ட் வருஷாவருஷம் எடுங்க, 40 தாண்டினப்புறம் மறதி, குணமாற்றம் தெரிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அல்சைமர்ங்குற மறதி நோய் இவங்களுக்கு சீக்கிரமே வரும்.

கூடப்பிறந்தவங்கதான பாத்துக்கணும்?

பாத்துப்பாங்கன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, கேளுங்க. அம்மா என்ன உக்கார வெச்சு கேட்டாங்க, "இல்ல"ன்னு சொன்னாலும் ஓகேன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் நான் முழு மனசோட சரின்னேன்.

விளையாட்டுல சேக்கலாமா அக்கா?

தாராளமா. அறிவுசார் குறைபாடு இருக்குறவங்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1968ல சிகாகோல ஆரம்பிச்சது, 8 வயசுலேருந்து போட்டில கலந்துக்கலாம், அத விட சின்னவங்களுக்கு தனி பயிற்சி உண்டு. டவுன் சிண்ட்ரோம்னா குட்டிக்கரணம் மாதிரி கழுத்துக்கு அழுத்தம் குடுக்குற விளையாட்டுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கழுத்து எலும்ப காட்டிடுங்க.

எங்க வீட்டுல இப்படி யாரும் இல்ல, ஆனா உதவ நினைக்கிறேன். என்ன பண்ணலாம்?

ஒரு நாள் வந்து ஃபோட்டோ எடுத்துட்டு போறது வேண்டாம், அடுத்த வாரம் "அந்த அண்ணா எங்க"ன்னு பிள்ளைங்க கேப்பாங்க. மாசத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் முடியும்னாலும் அத விடாம வாங்க. பக்கத்துல இப்படி ஒரு குடும்பம் இருந்தா பிள்ளையோட நல்லா பழகிட்டு, அம்மா அப்பாகிட்ட "நான் பாத்துக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் வெளிய போய்ட்டு வாங்க"ன்னு சொல்லுங்க.