எண்ணெய்க் கிணற்று நீர்மூழ்கிப் பம்புகள்: கேள்வி பதில்

கேள்வி: மின்னோட்டம் குறைந்து பம்பு தானாக நின்றுவிட்டது. உடனே மீண்டும் இயக்கலாமா?

பதில்: கூடாது. பம்பு நின்றதும் குழாயில் உள்ள எண்ணெய் கீழிறங்கி அதைப் பின்னோக்கிச் சுழற்றும்; அப்போது மின்சாரம் கொடுத்தால் சுழல்தண்டு முறியக்கூடும். காரணத்தையும் தேடுங்கள். வாயு புகுந்தாலும், கிணற்றின் வரத்து குன்றினாலும், தண்டு முறிந்தாலும் மின்னோட்டம் குறையவே செய்யும் என்பதால், பம்பின் நுழைவாயில் அழுத்தத்தையும் வெளியேற்ற அழுத்தத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னது ஏறிப் பின்னது இறங்கி, மின்னோட்டமும் சுமையற்ற அளவுக்கு விழுந்திருந்தால் தண்டைச் சந்தேகியுங்கள். முன்னது நாள்கணக்காக இறங்கிவந்திருந்தால், பம்பு வரத்தை மிஞ்சி இறைக்கிறது.

கேள்வி: 50 ஹெர்ட்ஸில் ஓடுவதை 60க்கு உயர்த்தலாமா?

பதில்: ஹெர்ட்ஸ் ஏறினால் வேகமும் ஏறும்; தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியில் ஏறுவதால் ஏறத்தாழ 1.73 மடங்காகும். மோட்டாரும் தண்டும் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: வாயுவால் நின்ற பம்பையாவது உடனே இயக்கலாம் அல்லவா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பம்பு ஓடுகிறது, கிணற்றடிச் சென்சார் மட்டும் பேசவில்லை. சென்சார் பழுதா?

பதில்: இருக்கலாம். ஆனால் பெரும்பாலான சென்சார்கள் மோட்டாரின் நட்சத்திர இணைப்பு (மூன்று மின்கட்டங்களின் சுருள்களும் கூடும் புள்ளி) வழியாக, மின்சாரம் வரும் அதே கேபிளில்தான் செய்தி அனுப்புகின்றன. ஒரு மின்கட்டத்தின் மின்காப்பு தரையோடு கசிந்தாலும் செய்தி நின்றுவிடும். பம்போ தொடர்ந்து ஓடும். அடுத்த நிறுத்தத்தில் மின்காப்பை அளந்து பாருங்கள். அளக்குமுன் சென்சார் தயாரிப்பாளரின் வழிமுறையைப் படியுங்கள்.

கேள்வி: பம்பின் விலை?

பதில்: விற்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: பழுதான எங்கள் பம்புகளின் சராசரி ஆயுள் 300 நாள். இது மோசமா?

பதில்: அந்தச் சராசரியே தவறு. பத்துப் பம்புகளில் நான்கு 300 நாளில் பழுதாகி, ஆறு 900 நாள் கடந்தும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஓட்டம் 6600 நாள், பழுது நான்கு. ஆகவே ஒரு பழுதுக்கு 1650 நாள்.

மறுப்பு: எந்தப் பம்பும் 1650 நாள் ஓடவில்லையே! இன்னும் முடிவடையாத ஆயுளை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: முடிவடையாததை விட்டுவிட்டால் நன்றாக ஓடுபவை அனைத்தும் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

மறுப்பு: பழுதாகும் வாய்ப்பு என்றும் ஒரே அளவில் இருப்பதாகக் கொண்டால்தானே 1650 பொருந்தும்?

பதில்: அது நியாயமான மறுப்பு. பம்பைக் கிணற்றுக்குள் இறக்கும்போது கேபிள் நசுங்கியதால் வரும் பழுது தொடக்கத்திலேயே வரும். தேய்மானம் பின்னால் வரும். ஆகவே பழுதுகளைக் காரணவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வயதிலும் எத்தனை எஞ்சியுள்ளன என்ற வளைவை வரையுங்கள். பழுதின்றி வெளியே எடுத்தவற்றை, எடுத்த நாள் வரை ஓடியவையாக மட்டும் சேருங்கள். "மோட்டார் எரிந்தது" என்பதைக் காரணமாகப் பதியாதீர்கள். மோட்டாருக்கு மேலுள்ள காப்புப் பகுதி கசிந்து கிணற்று நீர் உள்ளே போயிருக்கலாம் என்பதால், பிரித்துப் பார்த்த பிறகே பதிவேட்டில் காரணத்தை எழுதுங்கள்.