புதுக்கடைச் சூட்டுக்குப் பிறகு மகளை லோ படிக்க விடலாமா?

அக்கா, நீங்கள் அனுப்பிய வொய்ஸை இரண்டு தரம் கேட்டேன். 2025 பெப்ரவரி 19 அன்று சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் கொழும்பு புதுக்கடை நீதிமன்றுக்குள்ளேயே கைதியைச் சுட்டுக் கொன்றதைப் பார்த்த எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும். துவக்கு வந்ததே குடைந்தெடுத்த சட்டப் புத்தகத்துக்குள். உங்கள் பயம் நியாயம்தான்.

ஆனால் மகள் என்னிடம் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். "டி-56 தானியங்கித் துவக்கு வைத்திருந்தவனுக்கும், வயலில் பன்றி கலைக்க லைசன்ஸ் இல்லாமல் கட்டுத்துவக்கு வைத்திருந்தவனுக்கும் ஒரே தண்டனையா சேர்?" ஏ.எல் முடித்த பிள்ளை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயல் சூழ்ந்த படுவான்கரையில் வளர்ந்தபடியால் அந்த இரண்டாவது ஆளை அவளுக்குத் தெரியும்.

ஒரே தண்டனை இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தை 1996இல் திருத்தியபோது, தானியங்கித் துவக்கு வைத்திருந்தாலே ஆயுள் தண்டனை என்று வைத்தார்கள். அங்கே நீதிபதிக்கு இரங்க இடமில்லை, அதனால் வழக்கின் முழு உயிரும் தண்டனைக்கு முன்னால்தான் இருக்கிறது: அது உண்மையிலேயே தானியங்கியா, பகுப்பாய்வாளர் அறிக்கை என்ன சொல்கிறது, நாலு பேர் இருக்கும் வீட்டில் கூரைக்குள் கிடந்தது யாருடையது. கட்டுத்துவக்குப் போன்ற மற்றக் குற்றங்களில், குற்றம் சாட்டப்பட்டவனுக்கு இது முதல் குற்றமா, ஊருக்கு இனியும் ஆபத்தா என்றெல்லாம் பார்த்துத்தான் வருடங்களைத் தீர்மானிப்பார்கள்.

என் எண்ணம், தண்டனையைக் கூட்டிக்கொண்டே போனால் மட்டும் ஊர் பாதுகாப்பாகாது. கொலைக்கு மரண தண்டனை சட்டத்தில் இருக்கிறது, 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. சுடுகிறவன் பயப்படுவது கெதியாகப் பிடிபட்டுவிடுவோம் என்றால்தான், அதற்குச் சாட்சி துணிந்து வரவேண்டும், வழக்கு இழுபடக்கூடாது. நம்முடைய பக்கத்து நீதிமன்றங்கள் தமிழில் நடக்கின்றன, தமிழில் சாட்சியை விளங்கி நிற்கும் நல்ல சட்டத்தரணியும், அரசுக்காக வழக்கை நடத்தும் அரச சட்டவாதியும் நமக்குத் தேவை, அக்கா.

சரி, வழி. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் ஸ்கோர் கிடைத்தால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம். கிடைக்காவிட்டால் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை, பொது அறிவுக்கு இப்போதே தினசரிப் பேப்பர் வாசிக்கச் சொல்லுங்கள், ஆங்கிலத்தையும் விடவேண்டாம். அப்புறம் ஒரு நாள் மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் மகளோடு பின்வரிசை வாங்கில் போய் இருங்கள், வழக்குகள் திறந்த மன்றில்தான் நடக்கும். பார்த்துவிட்டு சனிக்கிழமை ரிசல்ட் ஷீட்டோடு இரண்டு பேரும் வாருங்கள்.